தெரியாது என்ற பதில்

'எனக்குத் தெரியாது' என்பது தமிழில் முழுமையான ஒரு பதில். அதற்குமேல் துருவிக் கேட்பவன் நாகரிகம் தெரியாதவன் என்றாகிவிடும். ஒன்றைத் தெரிந்துகொள்ளாமல் இருந்தது ஒருவனுடைய குற்றமா என்ற கேள்வி நம் இலக்கிய விசாரங்களில் எழுவது அபூர்வம். அறிவைப் பற்றிய பேச்சுக்கு நம்மிடம் குறைவில்லை; ஆனால் அது பெரும்பாலும் மெய்யறிவு பற்றிய பேச்சு, அல்லது கல்வியின் மேன்மை பற்றிய பேச்சு. பக்கத்து ஜில்லாவில் அரிசி என்ன விலை விற்கிறது, அங்கே கூலி வாங்குகிறவனால் அதை வாங்க முடிகிறதா என்கிற அறிவு இரண்டிலும் சேராது. கைபேசித் திரையில் உலகம் முழுவதும் வந்து கொட்டுகிற இந்த நாட்களில் 'தகவல் தெரிந்திருப்பது தனிமனிதனின் பொறுப்பு' என்று உபதேசிக்கிறவர்கள் பெருகியிருக்கிறார்கள். உபதேசத்தை ஒதுக்கிவிட்டு, இந்தப் பொறுப்பு என்பது என்ன, அதற்கு ஒரு சரித்திரம் உண்டா என்று பார்க்கத் தோன்றியது.

இந்த விஷயத்தில் நம் இலக்கியத்தைவிட நம் சட்டம் அதிகம் யோசித்திருக்கிறது. சட்டமே தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது. நடந்த விஷயம் தெரியாது என்று சொல்லிப் பல சமயம் தப்பலாம். நல்லெண்ணத்துடன் நடந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. நல்லெண்ணம் என்றால் என்ன? 1860இல் இயற்றப்பட்டு 2024 ஜூன் முடிய அமலில் இருந்த இந்திய தண்டனைச் சட்டம், தக்க கவனமும் அக்கறையும் இல்லாமல் செய்த எதையும், நம்பிய எதையும், நல்லெண்ணத்துடன் செய்ததாகவோ நம்பியதாகவோ கொள்ள முடியாது என்று தன் 52ஆவது பிரிவில் சொன்னது. செய்வது மட்டுமல்ல, நம்புவதும்கூட. அடுத்து வந்த சட்டமும் இந்த வரையறையைக் கைவிடவில்லை. ஆனால் அதே ஆங்கில அரசு 1897இல் கொண்டுவந்த பொது வாசகச் சட்டம் வேறு மாதிரி சொல்கிறது: நேர்மையாகச் செய்திருந்தால் போதும், அஜாக்கிரதையாகச் செய்திருந்தாலும் அது நல்லெண்ணமே. முப்பத்தேழு வருஷ இடைவெளியில் ஒரே அரசு எழுதிவைத்த இரண்டு நல்லெண்ணங்கள்.

வங்கியில் குமாஸ்தாவாக இருப்பவனுக்கு இந்த வித்தியாசம் ஏட்டு வித்தியாசம் அல்ல. கோடிட்ட காசோலை ஒன்றைத் தன் வாடிக்கையாளருக்காக வசூல் செய்து கொடுத்த வங்கி, அது திருட்டுக் காசோலை என்று பிறகு தெரியவந்தால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள 1881ஆம் வருஷத்துச் செலாவணி முறிச் சட்டத்தின் 131ஆவது பிரிவைத்தான் நம்பியிருக்கிறது. அந்தப் பிரிவு நல்லெண்ணத்தோடு நிற்பதில்லை. 'அஜாக்கிரதை இல்லாமல்' என்று இன்னொரு நிபந்தனையையும் சேர்த்துக் கேட்கிறது. கணக்கு ஆரம்பித்தவன் யார் என்று விசாரித்தாயா, பெயரை ஒத்துப்பார்த்தாயா என்று கேட்பார்கள். நான் யோக்கியன் என்று சொன்னால் போதாது.

பத்திரிகை படிக்கிற ஒருவனுக்கு இந்த இரண்டில் எந்த நல்லெண்ணத்தைப் பொருத்துவது? பொதுவாகப் பேசினால் எல்லோரும் கடுமையான வரையறையைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். ஒரு நிஜமான இடத்தில், காலத்தில் வைத்துப் பார்த்தால்தான் அதன் கஷ்டம் புரியும்.

1943ஆம் வருஷத்து வங்காளத்தை எடுத்துக்கொள்கிறேன். முந்தைய வருஷம் மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமாயிற்று. பர்மா அரிசி நின்றது. எதிரி வந்தால் பயன்படுத்திக்கொள்வான் என்று கடலோர ஜில்லாக்களில் பல்லாயிரம் படகுகளை அரசு பறித்துக்கொண்டது, இருந்த உபரி நெல்லையும் அப்புறப்படுத்தியது. ஆறுகளே பாதைகளாக உள்ள கீழை வங்காளத்தில் படகு போனால் மீனவனுக்குத் தொழில் போயிற்று, குயவனுக்குச் சந்தை போயிற்று. அக்டோபர் 16ஆம் தேதி மித்னாபூரில் பெரும் புயல். செய்தி எதிரிக்கு உதவும் என்று அதை உடனே வெளியிட விடவில்லை. யுத்தச் செலவில் பணம் பெருகி விலை ஏறியது. ராணுவத்துக்கும் கல்கத்தாத் தொழிற்சாலைகளுக்கும் அரிசி எந்த விலையிலும் வாங்கப்பட்டது. கூலிக்காரனால் வாங்க முடியவில்லை. பின்னால் விசாரணைக் கமிஷன் கணக்குப் போட்டபோது, உண்மையான தானியப் பற்றாக்குறை ஏறக்குறைய மூன்று வாரத் தேவை அளவுதான் என்று வந்தது. கமிஷன் ஒப்புக்கொண்ட சாவு 15 லட்சம். பிற்காலத்து ஆய்வாளர்கள் சுமார் 30 லட்சம் வரை போகிறார்கள்.

கிராமங்களில் 1943 வசந்த காலத்திலேயே சாவு ஆரம்பித்துவிட்டது. ஜூலையில், ஆகஸ்டில் அந்த மக்கள் கல்கத்தாத் தெருக்களுக்கு வந்து சேர்ந்தார்கள். சோறு கேட்கவில்லை, வடிகஞ்சி கேட்டார்கள். ஹௌராவில் ரயில் இறங்கி ஆபீசுக்கு நடக்கிற ஒரு குமாஸ்தாவை நினைத்துப் பாருங்கள். என்னைப் போன்றவன். நடைபாதையில் கிடப்பவர்களைச் சுற்றிக்கொண்டுதான் அவன் போயாக வேண்டும். அவனுக்குத் தெரியாது என்று எப்படிச் சொல்வது? ஆனால் அவனுக்குத் தெரிந்திருந்தது என்றும் என்னால் சுலபமாகச் சொல்ல முடியவில்லை. அவன் கண்ணில் பட்டதற்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது: பிச்சைக்காரர்கள். அரசாங்கம் இன்னும் கொஞ்சம் மரியாதையான பெயர் வைத்திருந்தது: நோயுற்ற ஆதரவற்றோர். பஞ்சம் என்ற சொல்லை மட்டும் அரசு உச்சரிக்கவில்லை, மற்றவர் உச்சரிப்பதையும் விரும்பவில்லை. பஞ்ச காலத்துக்கென்று விதித்தொகுப்பு ஒன்று கையில் இருந்தது. பஞ்சம் என்று அறிவித்தால் அதில் கண்ட அளவுப்படி தானியம் கொடுத்தாக வேண்டும். கொடுக்கத் தானியம் இல்லை. ஆகவே பஞ்சம் இல்லை. அந்த வருஷம் அக்டோபரில் மாகாண கவர்னர் வைஸ்ராய்க்கு எழுதியபோது இந்தத் தர்க்கத்தை ஒளிக்கவில்லை. கிடங்கில் அரிசி எவ்வளவு, பதுக்கியவர் யார் என்பதெல்லாம் மாகாண மந்திரி தினமும் சொல்லிக்கொண்டிருந்த விஷயங்கள்; அவையும் பத்திரிகையில் வந்தன. நம் குமாஸ்தா தகவல் இல்லாதவன் அல்ல. ஏராளமான தகவல் அவனிடம் இருந்தது.

கண்ணால் கண்டது உண்மையாவதற்கு இன்னொருவர் கண்டதாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இது மனித மனத்தின் பலவீனமா, அதன் சமூகத்தன்மையா என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

'ஸ்டேட்ஸ்மன்' வெள்ளைக்காரர் சொத்தாக இருந்த பத்திரிகை. அதன் ஆசிரியர் இயன் ஸ்டீபன்ஸ் புரட்சிக்காரர் அல்ல. பத்திரிகைக்கு வருமுன் இந்திய அரசின் செய்தி விளம்பர இலாகாவில் இயக்குநராக இருந்தவர். அரசின் குரல் எப்படித் தயாராகிறது என்பதை உள்ளிருந்து அறிந்தவர். யுத்த காலத் தணிக்கைக்கு உட்பட்டு எழுதிக்கொண்டிருந்தவர் ஆகஸ்ட் நடுவில் ஒரு முடிவுக்கு வந்தார். தணிக்கை விதிகள் எழுதப்படுவதைப் பற்றித்தான் விஸ்தாரமாகப் பேசின. புகைப்படத்தைப் பற்றிச் சொல்லியிருக்கவில்லை. பின்னால் 1966இல் வெளிவந்த 'மான்சூன் மார்னிங்' என்ற தம் நினைவு நூலில் இதை அவரே விவரிக்கிறார். புகைப்படக்காரர்களைத் தெருவுக்கு அனுப்பினார். ஆகஸ்ட் 22, ஞாயிற்றுக்கிழமை, படங்கள் வந்தன. அடுத்த ஞாயிறு மறுபடியும். டில்லியிலும் லண்டனிலும் இதற்குப் பிறகு மௌனம் சாத்தியமில்லாமல் போயிற்று. அக்டோபரில் வைஸ்ராயாகப் பதவியேற்ற வேவல் சில நாட்களிலேயே கல்கத்தா வந்து பார்த்து, உணவு விநியோகத்துக்கு ராணுவத்தை இறக்கினார்.

ஒரு பத்திரிகாசிரியரின் துணிச்சலால் பஞ்சம் தீர்ந்தது என்று கதை கட்டிவிட வேண்டாம். நம் வார இதழ்கள் இதை அப்படித்தான் எழுதும். சாவுகளில் பெரும்பங்கு 1943 முடிந்த பிறகுதான் நடந்தது, மலேரியாவிலும் காலராவிலும் அம்மையிலும். அந்த வருஷமே மித்னாபூர் வரை நடந்து சென்று வரைந்த ஓவியர் சித்தப்பிரசாத்தின் 'ஹங்ரி பெங்கால்' என்ற சிறு நூல் கிட்டத்தட்ட 5000 பிரதிகளோடு பறிமுதலாகி அழிக்கப்பட்டது. குடும்பத்தாரிடம் ஒன்று தப்பிற்று. வெள்ளைக்காரப் பத்திரிகையின் படம் வெளிவந்ததும், கம்யூனிஸ்ட் ஓவியனின் கோடு எரிந்ததும் ஒரே தணிக்கையின் கீழ். தேச பக்திக்காகவோ இடதுசாரித்தனத்துக்காகவோ இந்த வித்தியாசத்தை மறைத்து எழுதுவதில் லாபமில்லை. யார் படித்தால் அரசு கூச்சப்படும் என்பதுதான் வித்தியாசம்.

எனக்கு முக்கியமாகப் படுவது அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலை. ஜூலை முழுவதும் தெருவில் கிடந்தவர்களைச் சுற்றிக்கொண்டு நடந்த அதே குமாஸ்தா அன்று பத்திரிகையைப் பிரிக்கிறான். அவனுக்கு அதில் புதுத் தகவல் ஒன்றுமில்லை. படத்தில் இருப்பவளை நேற்று அவனே பார்த்திருக்கலாம். அவனுக்குக் கிடைத்தது, இதை மற்றவர்களும் பார்க்கிறார்கள் என்ற உறுதி. அரசாங்கத்துக்குக் கிடைத்தது, இவன் பார்த்துவிட்டான் என்ற உறுதி. அவன் அன்று ஒரு கஞ்சித் தொட்டிக்குக்கூடப் பணம் கொடுக்காமல் இருந்திருக்கலாம். ஆனாலும் அவன் படித்தான் என்பதே ஒரு அரசியல் சம்பவமாகிவிட்டது. அப்போது சாந்திநிகேதனில் ஒன்பது வயதுப் பையனாக இருந்த அமர்த்தியா சென், தாத்தாவின் அனுமதிப்படி சிகரெட் டப்பாவால் அளந்து அரிசி கொடுத்ததைப் பின்னால் எழுதியிருக்கிறார். சுதந்திரமான பத்திரிகைகளும் தேர்தலும் உள்ள நாட்டில் பெரும் பஞ்சம் வந்ததில்லை என்று அவர் பிற்காலத்தில் வாதிட்டதை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறோம். அந்த வாதத்தில் வாசகன் நல்லவனாக இருக்க வேண்டும் என்று எங்கும் சொல்லப்படவில்லை. ஆள்பவன் அவனுக்குப் பயப்பட வேண்டும் என்பதுதான் அதன் அச்சாணி. 1958க்கும் 1961க்கும் இடையில் சீனாவில் கோடிக்கணக்கில் செத்தபோது, கீழ் அதிகாரிகள் மேலே அனுப்பிய விளைச்சல் கணக்குகள் பிரமாதமாக இருந்தன. பயப்படுவதற்கு அங்கே வாசகன் இல்லை.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு கெட்டிக்காரர் நிற்கிறார். வால்ட்டர் லிப்மன், சார்லஸ் மெர்ஸ் என்ற இருவர் 1920 ஆகஸ்டில் 'நியூ ரிபப்ளிக்' பத்திரிகையின் இணைப்பாக ஒரு ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். ருஷ்யப் புரட்சி பற்றி 'நியூயார்க் டைம்ஸ்' மூன்று வருஷம் எழுதியதை வரிவரியாகப் பார்த்தார்கள். சோவியத் அரசு விழுந்துவிட்டது, அல்லது விழப்போகிறது என்று அந்தப் பத்திரிகை 91 முறை சொல்லியிருந்தது. இதற்குச் சதி எதையும் அவர்கள் காரணமாகக் காட்டவில்லை. நிருபர்களின் மனத்திலும் ஆசிரியர்களின் மனத்திலும் இருந்த ஆசையும் பயமுமே தணிக்கை அதிகாரிகளாக வேலை செய்தன என்றார்கள். (அதே பத்திரிகையின் மாஸ்கோ நிருபர் வால்ட்டர் டுராண்டி 1933இல் உக்ரைனில் பட்டினிச் சாவே இல்லை என்று மறுத்து எழுதினார். கிராமங்களில் நடந்து பார்த்துவிட்டு வந்து பஞ்சம் என்று சொன்ன காரெத் ஜோன்ஸ் என்ற இளைஞர் பொய்யரானார். முதலில் எதிரியின் அழிவை 91 முறை கண்ட கண், பிறகு லட்சக்கணக்கான பிணங்களைக் காணவில்லை.) லிப்மன் இதிலிருந்து மேலே போனார். 1922இல் 'பப்ளிக் ஒபினியன்', 1925இல் 'த ஃபேண்டம் பப்ளிக்'. எல்லாம் அறிந்த குடிமகன் என்பது ஒரு மாயை. பிழைப்பு நடத்துகிற மனிதனால் எல்லா விஷயத்தையும் தெரிந்துகொள்ள முடியாது. அவன்மேல் அந்தச் சுமையை ஏற்றுவது அவனை அவமதிப்பது. நிபுணர்கள் அறிந்து சொல்லட்டும் என்றார்.

இந்த வாதத்தின் முதல் பாதியை நான் அப்படியே ஒப்புக்கொள்கிறேன். காலை ஒன்பதரைக்குக் கிளம்பி மாலை ஏழுக்குத் திரும்புகிறவனிடம், பட்ஜெட்டும் பாலஸ்தீனமும் பருவநிலையும் தெரிந்திருக்க வேண்டும், தெரியாவிட்டால் ஜனநாயகத்தின் சீரழிவுக்கு நீயே பொறுப்பு என்று சொல்வது அயோக்கியத்தனம். முக்கியமாக, பொய்யைப் பெருக்கி அதில் விளம்பர வருமானம் பார்க்கிற ஸ்தாபனங்களும், புள்ளிவிவரம் வெளியிடாத அரசுகளும் இதைச் சொல்லும்போது. இரண்டாவது பாதியைத்தான் வங்காளம் மறுக்கிறது. 1943இல் நிபுணர்களுக்குப் பஞ்சமில்லை. அரிசி எவ்வளவு விளைந்தது, எவ்வளவு இருக்க வேண்டும் என்று அவர்களிடம் கணக்கு இருந்தது. மூன்று வாரப் பற்றாக்குறை என்ற கணக்கு சரியாகவே இருக்கலாம். சரியான கணக்குக்குப் பக்கத்திலேயே மக்கள் செத்தார்கள். விளைச்சலை எண்ணியவர்கள், கூலியையும் அரிசி விலையையும் ஒருவன் வீட்டில் வைத்துச் சேர்த்துப் பார்க்கவில்லை.

அவசரநிலைக் காலத்தைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது, சுருக்கமாகக் கடந்துபோகிறேன். 1975 ஜூன் 28ஆம் தேதி 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' தலையங்க இடத்தை வெறுமையாக விட்டது. அந்த வெற்றிடத்தைப் படிக்க அன்று வாசகனுக்குத் தெரிந்திருந்தது. இல்லாததும் செய்தியாக இருந்த காலம் அது. கைபேசியில் அந்த மாதிரி வெற்றிடம் விழுவதே இல்லை. எதை எடுத்துவிட்டாலும் அந்த இடத்தை வேறொன்று அந்த க்ஷணமே நிரப்பிவிடுகிறது.

பழைய பொறுப்புக்கும் இன்றையதற்கும் உள்ள வேற்றுமையை நான் இங்கேதான் பார்க்கிறேன். கல்கத்தாக் குமாஸ்தா வாசகன் மட்டும்தான். இன்றைக்குள்ளவன் வாசகன், நிருபன், பத்திரிகை போடுகிற பையன், எல்லாம். காசோலையின் பின்பக்கம் கையெழுத்துப் போட்டு இன்னொருவருக்குக் கைமாற்றிக் கொடுக்கிறவன், அது செல்லாமல் போனால் வாங்கியவனுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவன். பத்து கை மாறியிருந்தால் பத்துப் பேரும். இதிலிருந்து விலக ஒரு வழியும் சட்டம் வைத்திருக்கிறது. 'என்னிடம் திரும்பி வரக்கூடாது' என்று கையெழுத்தோடு எழுதிவிடலாம். அப்படி எழுதிய காசோலையை எந்த வியாபாரி கையால் தொடுவான்? ஆனால் 'வந்ததை அப்படியே அனுப்புகிறேன்' என்று தலைப்புப் போட்டு வருகிற வாட்ஸப் செய்தியை நாம் எல்லோரும் வாங்கிக்கொள்கிறோம். மாமா அனுப்பியது, கூடப் படித்தவன் அனுப்பியது என்று. 1897இன் நல்லெண்ணம் இது. யாரும் பொய் சொல்ல நினைக்கவில்லை. எல்லோருமே நேர்மையாகத்தான் அஜாக்கிரதையாக இருக்கிறார்கள்.

2018இல் வட இந்தியாவிலிருந்து பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்று நம் வட மாவட்டங்களில் குரல் செய்தி பரவிற்று. மே மாதம் 9ஆம் தேதி போளூர் பக்கத்தில் அத்திமூர் என்ற ஊரில், சென்னையிலிருந்து காரில் கோயிலுக்கு வந்த குடும்பம் ஒன்று வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தது. 65 வயதுப் பெண்மணி ஒருவரை அடித்தே கொன்றார்கள். வந்தவர்கள் தமிழர்கள். ஜூலை முதல் தேதி மகாராஷ்டிரத்தில் துலே மாவட்டத்து ரெயின்பாடா கிராமத்தில் யாசகம் செய்து அலைகிற நாடோடிகள் ஐந்து பேர். அந்த வருஷம் நாடு முழுவதும் சுற்றிய பிள்ளை பிடிக்கும் வீடியோ கராச்சியில் எடுத்த ஒரு எச்சரிக்கைப் படம். தூக்கிப்போன குழந்தையை மறுபடி கொண்டுவந்து இறக்கிவிடும் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டிருந்தார்கள். அதற்குப் பிறகு அந்தக் கம்பெனி ஒரு செய்தியை இந்தியாவில் ஐந்து பேருக்கு மேல் ஒரே தடவையில் அனுப்ப முடியாதபடி செய்தது. ஐந்து பேருக்கு அனுப்பலாம்.

அத்திமூரில் கூடியவர்களைக் காட்டுமிராண்டிகள் என்று எழுதி முடித்துக்கொள்வது நகரத்துக் கட்டுரையாளனுக்குச் சௌகரியம். அவர்கள் தங்கள் குழந்தைகளைப் பற்றிய பயத்தில் இருந்தவர்கள், தெரிந்துகொள்ளும் கடமையைச் செய்ததாக நினைத்தவர்கள். அவர்களுக்குத் தகவல் வந்திருந்தது. ஆசையும் பயமும் என்று லிப்மன் 1920இல் ஒரு பத்திரிகை அலுவலகத்துக்குள் கண்டுபிடித்த தணிக்கை அதிகாரிகள் இப்போது ஒவ்வொரு சட்டைப் பையிலும் உட்கார்ந்திருக்கிறார்கள். 2023 மார்ச்சில் இதுவே திசை மாறி வந்தது. வேறெங்கோ நடந்த சண்டைகளின் வீடியோக்களைத் தமிழ்நாட்டில் பீஹார்த் தொழிலாளர்களைக் கொல்கிறார்கள் என்று பரப்பினார்கள். திருப்பூரிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு ரயிலேறியவர்களை யாரும் அடிக்கவில்லை. வந்து பார்க்கப் பீஹார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்ப வேண்டியிருந்தது.

ஆக, தகவல் அடைக்கப்பட்ட காலம் போய்த் தகவல் பெருகிய காலம் வந்துவிட்டது என்று வசதியாக இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாமா என்றால், அதுவும் முடியவில்லை. மணிப்பூரில் 2023 மே 3ஆம் தேதி கலவரம் தொடங்கியது. இணையம் துண்டிக்கப்பட்டது. துண்டிப்பையும் மீறி, பாலிதீனில் சுற்றிய ஒரு பெண்ணின் சடலப் படம், தங்கள் இனத்துப் பெண்ணுக்கு மற்றவர்கள் செய்த கொடுமை என்ற விளக்கத்தோடு கைமாறிக்கொண்டிருந்தது. அது டில்லியில் முந்தைய வருஷம் கொலையான வேறொரு பெண்ணின் படம். மே 4ஆம் தேதி குக்கி இனப் பெண்கள் இருவர் நிர்வாணமாக ஊர்வலம் நடத்தப்பட்டார்கள். பொய்ப் படம் உடனே போய்ச் சேர்ந்தது. உண்மைப் படம் ஜூலை 19ஆம் தேதிதான் வெளியே வந்தது. அடுத்த நாள் பிரதமர் முதல்முறையாக மணிப்பூரைப் பற்றிப் பேசினார். 1943இல் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் செய்த வேலையை அந்த வீடியோ செய்தது என்று சொல்லலாம். ஆனால் அந்தப் பெண்கள் தரப்பில் மே 18ஆம் தேதியே சைகுல் காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்து, அது பதிவாகியும் இருந்தது.